சத்தம் செத்த இடம்

"ஏய், மகாராணி! ரப்பர் இருந்தா குடேன்!"

அவள் திரும்பவே இல்லை.

"பார்த்தியாடா திமிரை? சார் பொண்ணாச்சே! நம்மளை எல்லாம் மதிப்பாளா?"

பிசிக்ஸ் சாரின் மகளுக்கு வகுப்பு வைத்த பட்டப்பெயர்தான் மகாராணி. பின்னே? கூப்பிட்டால் பாதி நேரம் காதிலேயே வாங்கமாட்டாள். அப்பாவே வந்து பாடம் எடுக்கிறார் என்ற கொழுப்பு. வேறென்ன?

சார் உள்ளே வந்தார். கூடவே மேலிடத்து அதிகாரியம்மாவும்.

காலியாகக் கிடக்கும் தலைமை ஆசிரியர் நாற்காலி சாருக்கா, இல்லையா? அந்த அம்மா சொல்வதில்தான் இருக்கிறது. சாருக்குப் பெரிய பலம் ஒன்று உண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு மாணவன் மேல் கை ஓங்கியது கிடையாது. பெற்றோர் கூட்டத்தில் அதற்காகவே கைதட்டு விழும்.

மேஜைமேல் இரண்டு ஸ்பீக்கர்கள். இரண்டிலும் ஒரே மாதிரி 'கூ...' என்று சத்தம்.

"ரெண்டு சத்தம் சேர்ந்தா பெருசாகும்னுதானே நினைக்கிறீங்க? சில இடத்துல ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும். கண்ணைக் கட்டிக்கிட்டு குறுக்கே நடங்க. சத்தம் செத்த இடத்துல நில்லுங்க," என்றார் சார். குரல் லேசாக நடுங்கியது.

ஒவ்வொருத்தராக நடந்தார்கள்.

"எல்லா இடத்துலயும் கேக்குது சார்!"

"எனக்கும்தான் சார்!"

சாருக்கு வியர்த்துக் கொட்டியது. போயும் போயும் இன்றைக்கா சொதப்ப வேண்டும்?

கடைசியாக மகள் வந்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தாள். சட்டென்று நின்றாள்.

"இங்க."

அதிகாரியம்மா எழுந்து வந்து, அதே இடத்தில் நின்று பார்த்தார். "கரெக்ட்!"

"வீட்லயே ஒத்திகை பார்த்திருப்பாங்கடா," என்று பின்பெஞ்சில் ஒரு குரல். களுக்கென்று சிரிப்பு.

அது அதிகாரியம்மா காதிலும் விழுந்தது. போய் ஒரு ஸ்பீக்கரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "இப்ப நட பார்க்கலாம்."

நடந்தாள். வேறு இடத்தில் நின்றாள். அதுவும் அச்சு பிசகாமல் சரி.

"சார், நானும் பிசிக்ஸ் டீச்சரா இருந்தவதான்," என்றார் அதிகாரியம்மா. "ஒரு காதைப் பொத்திக்கிட்டு நடக்கச் சொல்லணும். இல்லைன்னா இந்தக் காதுக்குச் செத்த சத்தம் அந்தக் காதுக்குக் கேட்டுடும். பதட்டத்துல மறந்துட்டீங்க."

சார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆனா உங்க பொண்ணும் காதைப் பொத்தலையே! நீ எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

அவள் கண்கட்டை அவிழ்த்தாள்.

"எனக்கு இடது காது கேக்காது மேடம்."

ரப்பர் கேட்டவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"அடக் கடவுளே! பிறவியிலேயா?"

"இல்லை மேடம்." சார் முந்திக்கொண்டார். "போன வருஷம் வந்த பாழாப்போன காய்ச்சல். காதைத் தின்னுட்டுப் போயிடுச்சு. பார்க்காத டாக்டர் இல்லை. பிள்ளைங்க கேலி பண்ணுவாங்கன்னு நான்தான் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு சொல்லி வெச்சேன்." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரியம்மா உருகிப்போனார்.

"இவ்வளவு வேதனையை உள்ளே வெச்சுக்கிட்டா, அடுத்தவங்க பிள்ளைங்களை இப்படிப் பொறுமையா பார்த்துக்கறீங்க? உங்களை விட்டா அந்த நாற்காலிக்கு வேற யாரு சார் இருக்காங்க?" என்றவர், அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "ஒரு காய்ச்சல் இப்படிப் பண்ணும்னு யாரு கண்டா? உனக்கு இப்படி ஒரு அப்பா கிடைச்சாரே, அந்த மட்டும் கொடுத்து வெச்சவம்மா நீ."

வகுப்பில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சார் கைகூப்பினார்.

கைதட்டல் அடங்கும்வரை மகள் பொறுத்திருந்தாள்.

"காய்ச்சல் வந்தது நிஜம்தான் மேடம். மார்க் குறைஞ்சதுக்கு அப்பா காதோட சேர்த்து அறைஞ்சாரே, அதுக்கு மறுநாள் வந்துச்சு."