அம்மாவுக்கு மட்டும் பிளம்

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு. செய்தவர் என் அப்பா. நடந்த இடம் மிஷிமா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் விலாங்கு மீன் கடை. சாட்சிகள் நானும் அண்ணன் இசாமுவும்.

ஐம்பத்து மூன்று வயதில் அம்மா கார் ஓட்டும் உரிமம் வாங்கியிருந்தாள். பயிற்சிப் பள்ளி வாத்தியாரே நிம்மதிப் பெருமூச்சு விட்டாராம். அதைக் கொண்டாடத்தான் விருந்து. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில், நானே போன் பண்ணி மேஜை பிடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் நல்லது எது நடந்தாலும் விலாங்குதான்.

அந்தக் கடையில் மரப்பெட்டியில் சோறு போட்டு மேலே விலாங்கை அடுக்கித் தருவார்கள், வேறு எதுவும் கிடையாது. பைன், மூங்கில், பிளம் என்று மூன்று தரம். மீன் என்னவோ ஒரே மீன்தான், அளவுதான் வித்தியாசம். பைன் பெட்டியைத் திறந்தால் சோறு கண்ணில் படாது, மீன் அப்படி மூடியிருக்கும். பிளம் பெட்டியில் பாதிக்கு மேல் சோறுதான் தெரியும்.

நான் கை கழுவப் போன நேரம் பார்த்து அப்பா ஆர்டர் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து விசாரித்தால், தனக்கு பைன், எனக்கும் அண்ணனுக்கும் மூங்கில், அம்மாவுக்கு பிளம் என்கிறார்.

"இன்னைக்கு விருந்து யாருக்குப்பா?"

"அம்மாவுக்கு."

"அப்ப பைன் யாருக்கு?"

அப்பா தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார். "எனக்கு."

கடைக்காரப் பெண்மணியைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். அவர் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். மீனைக் கீறியாகிவிட்டதாம். ஆர்டர் சொன்ன பிறகுதான் மீனைத் தொட்டியிலிருந்து எடுப்பார்கள். எடுத்த பிறகு யாரும் மனசு மாறக் கூடாது.

இனி அது ஆவியில் வெந்து, கரி அடுப்பில் வாட்டி, சோயாச் சாறு பூசி வருவதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். வாதாட அது தாராளம்.

நான் சட்டம் படிக்கிறேன். வாதத்தை வீட்டுக் குளியல் தொட்டியிலிருந்து தொடங்கினேன். வெந்நீரில் முதலில் இறங்குவது யார், எல்லோரும் குளித்து ஆறிப்போன தண்ணீரில் கடைசியாக இறங்குவது யார்? கருகிய மீன் யார் தட்டுக்குப் போகிறது? உடைந்த முட்டை யாருக்கு? பக்கத்து மேஜையில் பீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் பேச்சைக் கேட்டார்கள்.

அப்பா காது மடலைத் தடவிக்கொண்டே இருந்தார். குற்றவாளியின் மௌனம் என்று அதையும் எடுத்துச் சொன்னேன். அண்ணன் மேஜையிலிருந்த ஊறுகாய் முழுவதையும் தின்று தீர்த்தான்.

நடுவில் அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இரும்மா. நீ விட்டுக் கொடுத்து விட்டுக் கொடுத்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

அம்மா என் கோப்பையில் தேநீர் ஊற்றினாள்.

பெட்டிகள் வந்தன. அப்பாவின் பைன் பெட்டியை இழுத்து அம்மா முன்னால் வைத்தேன். பிளம் பெட்டியை அப்பா பக்கம் தள்ளினேன். பக்கத்து மேஜைக்காரர்களில் ஒருவர் மெதுவாகத் தலையாட்டினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"வேணாம் சிகுசா," என்றான் அண்ணன்.

"நீ பேங்க்ல வேலை பார்க்கிறவன். உனக்கு நியாயம் புரியாது."

அம்மா மூடியைத் திறந்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பளபளவென்று விலாங்கு. பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தவள் மாதிரி ஆகிவிட்டது அவள் முகம். அப்பாவின் சாப்பாட்டுக் குச்சிகள் சத்தமில்லாமல் அவள் பெட்டியை நோக்கி நீண்டன. நான் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அதையும் பிடுங்கித் தின்னணுமா உங்களுக்கு?"

"விடுடி அவரை," என்றாள் அம்மா. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "எனக்கு விலாங்கு பிடிக்காது. அந்தக் கொழகொழப்பு தொண்டையில இறங்கவே இறங்காது. கல்யாணம் பேசினப்ப இவங்க வீட்டுல விலாங்கு விருந்து வச்சாங்க. ரொம்பப் பிடிக்கும்னு சொல்லித் தொலைச்சேன். யாரும் பார்க்காதப்ப என் மீனை எடுத்துத் தின்னு மானத்தைக் காப்பாத்தினது இவர்தான். இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் செய்யறார்."

நான் அப்பாவின் மணிக்கட்டை விட்டேன்.

நான் சம்பாதித்துக் கொடுக்கிற முதல் விருந்தாம். என் முகம் வாடக் கூடாது, விஷயத்தை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று வரும் வழியிலேயே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களாம். அப்பாதான் சொன்னார்.

"சரி, அதுக்கு உங்களுக்கு எதுக்குப்பா பைன்?"

"எனக்கு நிஜமாவே விலாங்கு பிடிக்கும்மா."

பக்கத்து மேஜைக்காரர்கள் அவசரமாகத் தங்கள் பீரைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

வாதத்தில் தோற்றுப் பழக்கமில்லை எனக்கு. பிடிக்கவில்லை என்றால் நான் மேஜை பிடிக்கும்போதே சொல்லியிருக்கலாமே, உரிமையைக் கேட்டு வாங்காமல் மௌனமாக இருந்தது அம்மாவின் தப்புதானே என்று கேட்டேன்.

அம்மா பைன் பெட்டியை மூடி அப்பா பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குப் பிடிச்சது சாறு ஊறின சோறு. அது பிளம்லதான் மீன் மூடாம இருக்கும். உங்கப்பா என்னைக் கேட்டுட்டுத்தான் ஆர்டர் சொன்னார், நீதான் கேட்கல. எனக்காக நீ பேசி முடிச்சாச்சுன்னா, நானும் எனக்காக ஒண்ணு பேசிக்கிறேன். என் பெட்டியைக் கொடு, சோறு ஆறுது."