துண்டு போட்டாயிற்று

குத்துச்சண்டையின் பன்னிரண்டு சுற்றும் முடிந்து புள்ளிகள் சமமாக நின்றன. “பட்டத்துக்கான சண்டை பன்னெண்டுல முடிஞ்சா இன்னா மரியாத? இன்னும் மூணு ரவுண்டு!” என்று சங்கச் செயலாளர் மைக்கில் அறிவித்தார். கூட்டம் விசிலடித்தது. தன் மூலையில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. இடது கண் வீங்கி மூடியிருந்தது. வலது கண், ஓடுகிற வண்டியின் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. “யோவ், என்னப் பாருய்யா,” என்றாள் கயிற்றுக்கு வெளியே நின்ற அவன் மனைவி தேசம்மா. அவன் பார்க்கவில்லை. அவள் கையில் துண்டு இருந்தது. அதை உள்ளே எறிந்தால் தோல்வி, சண்டை நின்றுவிடும். எறிந்தால் ஆயுசுக்கும் இவன் முகம் கொடுத்துப் பேசமாட்டான். எறியாவிட்டால், பேசுவதற்கு இவன் இருப்பானா? எறிந்துவிட்டாள். நடுவரோ முதுகைக் காட்டிக்கொண்டு செயலாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். “துண்டப் போட்டாச்சு சார்!” என்று அவள் கத்தியது விசிலில் அமுங்கிப்போனது. கன்னியப்பன் எழுந்தான். காலடியில் கிடந்த துண்டை இரண்டு கையுறைகளாலும் இடுக்கி எடுத்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலின் மேல் பத்திரமாக விரித்தான்.

“எடம் புடிச்சிட்டேன். சீக்கிரம் வந்து உக்காரும்மே,” என்றான் அவளிடம். “பஸ் கெளம்பப் போவுது.”

மணி அடித்தது. அவன் தலைக்கு மேலே கம்பியைத் தேடிக் கையை உயர்த்தினான். உயர்ந்த கையைப் பார்த்து அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.