பெரிலின் நாலரைக் கிலோ

ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவுகிற நேரத்துக்குள், பெரிலின் உடம்பிலிருந்து நாலரைக் கிலோவை இறக்கியவள் நான். அவள் வாயிலிருந்த பிஸ்கட்டைக்கூடத் துப்பவில்லை.

"பொய்" என்றாள் லொரைன்.

வியாழக்கிழமை மாலை. எடை குறைப்புச் சங்கம் கூடும் தேவாலயக் கூடத்தில் எடை பார்க்கும் வரிசை. வழக்கம்போலக் காலணி, கைக்கடிகாரம், தோடு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு நின்றோம். ஐவி பல் செட்டையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்திருந்தாள்.

லொரைன் சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து, நான் இந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் பொய் என்பாள். அதற்காக நான் நிறுத்தியதில்லை.

பெரிலின் வலது முழங்கால் தேய்ந்து, துருப்பிடித்த கீல் மாதிரி மடங்கியபடியே நின்றுவிட்டது. மாற்று மூட்டு வைக்க வேண்டும். மாடிப்படி ஏற முடியாமல் கீழே சோபாவில் உறங்கினாள். சொந்தப் படுக்கையைப் பார்த்து ஒரு குளிர்காலம் முழுக்க ஆகியிருந்தது.

பிஎம்ஐ முப்பத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் கத்தியை எடுப்பார்களாம்.

பிஎம்ஐ என்றால் ஏதோ பெரிய விஞ்ஞானம் என்று பயப்பட வேண்டாம். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடியும் அதே உயரத்தால் வகுப்பது. அவ்வளவுதான். வலிக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது.

பெரில் பட்டினி கிடந்தாள். வெள்ளிக்கிழமை மீனும் சிப்ஸும் போயிற்று. 'கொழுப்பு குறைந்தது' என்று எழுதிய தயிரை வாளி வாளியாகத் தின்றாள். எடுத்த கொழுப்பின் இடத்தில் சர்க்கரையைக் கொட்டி வைத்திருந்தார்கள் பாவிகள். 'லைட்' பிஸ்கட் உறையில் போட்டிருந்த கலோரி அரை பிஸ்கட்டுக்கு உரியது. இந்தப் பூமியில் அரை பிஸ்கட்டோடு எழுந்து போன ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

கலோரியை எரிக்க நட என்றார்கள். எந்தக் காலால்?

மருத்துவ நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். நர்ஸ் ஒருத்தி பெரிலை எடை பார்த்தாள். நன்றாகவே குறைந்திருந்தது. பெரில் சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளினாள். தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்து அவளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து, நர்ஸ் கணக்குப் போட்டாள்.

"முப்பத்தாறு, கண்ணு. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

எங்கள் ஊர் ஹாலிஃபாக்ஸில் எல்லோரும் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு அது சுட்டது.

பெரில் கோட்டை மாட்டத் தொடங்கினாள். அவள் கை கோட்டின் கையைத் தேடிக்கொண்டே இருந்தது, கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவள் நிற்கிற நிலை என் கண்ணில் பட்டது. வலது முழங்கால் மடங்கியிருந்தது. அதற்கு ஈடாக இடது காலும் மடங்கி, இடுப்பும் வளைந்திருந்தது. எந்தக் காலுக்கு வைத்தியம் கேட்டு வந்தோமோ, அந்தக் காலே அவள் உயரத்தைத் தின்றிருந்தது. உயரம் குறைந்ததால் எண் ஏறியது. எண் ஏறியதால் வைத்தியம் இல்லை.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நகரமான லீட்ஸின் ரயில் நிலையத்தில் வண்டிகள் நின்றுவிட்டன.

"மடங்கின கால நிக்க வச்சு அளந்துட்டு, குண்டுன்னு சொல்லித் திருப்பி அனுப்புவியா? படுக்க வச்சு அளந்து பாரு."

நர்ஸ் கதவைச் சாத்தினாள். நின்றபடி அளப்பதுதான் விதி, மாற்றி எழுதினால் வேலை போய்விடும் என்றாள். சொன்னவள் பெரிலின் கால்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எட்டுத் தீயணைப்பு வீரர்கள் வந்துதான் பெரிலைத் தூக்கிப் பரிசோதனைப் படுக்கையில் கிடத்தினார்கள். அவள் கம்பளி நூலும் ஊசியும் வைத்திருக்கும் பின்னல் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தோம். குதிகாலிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து உச்சந்தலை, வளைவு போன போக்கிலேயே டேப்பும் போயிற்று.

எழுபத்தொரு வயதில் பெரில் நாலு சென்டிமீட்டர் வளர்ந்தாள். நர்ஸ் மறுபடி கணக்குப் போட்டாள். முப்பத்து நாலு சொச்சம். அந்த நாலு சென்டிமீட்டரைத் தராதிருந்தால், நாலரைக் கிலோ சதையைக் கேட்டிருப்பார்கள்.

வழக்கமாக இந்த இடத்தில்தான் லொரைன் வெடிப்பாள். "ஃபயர் சர்வீஸாம். எந்த நர்ஸாவது அப்படி எழுதிக் குடுப்பாளா? புளுகு, சுத்தப் புளுகு." வரிசையே சிரிக்கும். நானும் அடுத்த வாரம் இன்னொரு தீயணைப்பு வீரனைச் சேர்த்துக்கொள்வேன். முதன்முதலில் சொன்னபோது ஒருவன்கூட இல்லை. அன்றைக்குப் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். லொரைனின் முகம் வெளுத்துப் போயிற்று. அதிலிருந்துதான் ஆள் சேர்க்க ஆரம்பித்தேன்.

இன்று அவள் வெடிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமையோடு அவளுக்குப் பணி ஓய்வு.

எங்களுக்கு முன்னால், எடை பார்க்கும் கருவியின் மேல், பெரில் வெறுங்காலோடு ஏறினாள். இரண்டு கால்களும் நேராக நின்றன.

லொரைன் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஃபயர் சர்வீஸ்காரன் ஒருத்தனும் வரல, நோர்மா. மத்ததெல்லாம் நடந்ததுதான். டேப்போட மறு முனை என் கையிலதான் இருந்துச்சு."