முன் வரிசை

"முதலாளி, நீங்க ஏறினாத்தான் நாங்க ஏற முடியும்" என்றார் மேலாளர், இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு.

பியோ மான்-சிக் தலையை உயர்த்தி ரோலர் கோஸ்டரைப் பார்த்தார். பார்த்தது தப்பு. உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை பூங்கா முழுவதும் அவருடைய சாக்ஸ் கம்பெனிக்கு மட்டும். வெளியாள் ஒருவரும் கிடையாது. ராட்டினக் குதிரைகள் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மணி இப்போது ஒன்று நாற்பது. நாற்பத்தாறு ஊழியர்களில் ஒருவர்கூட இன்னும் எதிலும் ஏறவில்லை.

ஏறமாட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் அவர் கரண்டியைத் தொடாமல் யாரும் சோற்றைத் தொட்டதில்லை. சாயங்காலம் அவர் கோட்டை மாட்டாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்பியதில்லை.

"நீங்கல்லாம் போங்கப்பா" என்று நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டார். நான்கு முறையும் எல்லோரும் குனிந்து நன்றி சொன்னார்கள். அப்புறம் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

பேசாமல் ராட்டினக் குதிரையில் ஏறித் தப்பித்துவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் அவர் குதிரையில் ஏறினால் நாற்பத்தாறு பேரும் ஐந்து மணிவரை குதிரையில்தான் சுற்றுவார்கள். அவருக்குத் தெரியாதா அவர்களை?

பியோவின் வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூல்மீது ஏறுவது அவர் மனைவி. இருபத்தெட்டு வருஷமாக அந்த ரகசியம் வாசலைத் தாண்டியதில்லை.

அந்த மனைவிதான் இந்த வம்பையும் தொடங்கிவைத்தார். பதினேழு வருஷமாகக் கம்பெனிச் சுற்றுலா என்றால் ஏரிக்கரையில் மீன் பிடிப்பதுதான், ஏனென்றால் பியோவுக்குப் பிடிக்கும். "அவங்களுக்கு என்ன புடிக்கும்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றார் மனைவி.

கேட்டதில்லை. சுருக்கென்றது. மறுநாளே கேன்டீனில் ஒரு பெட்டி வைத்தார். பெயர் போட வேண்டாம், ஆசையை மட்டும் எழுதிப் போடுங்கள் என்றார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். படித்ததைச் செய்தார்.

இந்த ஒரு நாளாவது அவர்கள் கேட்டபடி நடக்க வேண்டும். இப்போது அவர் பின்வாங்கினால் எல்லாம் வீண்.

"சரி, வாங்க" என்றார். படியில் கால் வைத்தார்.

அவருக்கென்று முன் வரிசையை விட்டுவிட்டு, கடைசி வரிசையிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தார்கள். முதலாளியின் பக்கத்து இடம் மட்டும் காலி. அங்கே உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்?

கேன்டீன் சமையல்கார அம்மா பூன்-ரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தலைமுடியை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினார். "வீணா காலியா போகுமே, முதலாளி" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

வண்டி கடகடவென்று மேலே ஏறியது. உச்சியில் ஒரு நொடி நின்றது. பியோ கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பக்கத்தில் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது மட்டும் கேட்டது.

கீழே இறங்கியபோது கால்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். இனி யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் ஏறலாம்.

வெளியேறும் வழியில் ஒரு திரை இருந்தது. வண்டி உச்சியிலிருந்து விழும்போது எடுத்த படத்தை அதில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

எல்லோரும் கப்சிப்பென்று ஆனார்கள். முதலாளியின் முகம் படத்தில் பிழிந்த துணி மாதிரி இருந்தது.

பியோ தன் முகத்தைப் பார்த்தார். பிறகு தனக்குப் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்தார்.

இருபத்திரண்டு பேர். அத்தனை பேரும் கண்களை மூடியிருந்தார்கள். மேலாளர் கணக்குப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

படம் முழுக்கத் தேடினாலும் திறந்திருந்த கண்கள் இரண்டே இரண்டு. பூன்-ரே இரண்டு கைகளையும் வானத்துக்கு நீட்டி, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தவர் பியோதான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அந்தப் பெட்டியில் இருந்தது என்ன என்பதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நாற்பத்தாறு தாள்கள். நாற்பத்தைந்தில் ஒரே வரி: "முதலாளி விருப்பப்படி." ஒன்றில் மட்டும், மிளகாய்ப்பொடிக் கறையோடு: "ரோலர் கோஸ்டர். முன் வரிசை."

பியோவுக்கு மனசு நிறைந்துவிட்டது. "இன்னொரு ரவுண்டு போலாமாம்மா?" என்றார் பூன்-ரேயிடம்.

"கால் இன்னும் ஆடுதே உங்களுக்கு!"

"ஆடட்டும்."

இரண்டடி நடந்த பியோ சட்டென்று நின்றார். மரத்தடியில் கடையிலிருந்து வரவழைத்த கிம்பாப் சோற்றுச் சுருள் டப்பாக்கள் பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்தன. திரும்பி வந்து, மேலே இருந்த ஒன்றைத் திறந்து ஒரே ஒரு துண்டை வாயில் போட்டு, எல்லோருக்கும் தெரியும்படி மென்றார்.

பூன்-ரேயோடு மறுபடி படியேறும்போது, பின்னால் மற்ற டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது.