சாதி கெட்ட குட்டிகள்

“ஐயையோ, மூணும் வெள்ளைங்க!” அங்கம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

செடெனாக் ரப்பர் தோட்டத்துப் பெரிய பங்களாவில், பின்கட்டுக் கூடைக்குள் துரைசாணியின் சயாம் பூனை ரூபி குட்டி போட்டிருந்தது. ரூபிக்கு முகம், காது, கால், வால் எல்லாம் கரி பூசினாற்போல் கறுப்பு. குட்டிகளோ தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை வெளேரென்று கிடந்தன.

மனுசருக்குத்தான் சாதி என்று நினைத்தால், பூனைக்கும் இருக்கிறதாம். அது கெடக்கூடாது என்று துரைசாணி ரூபியைச் சிங்கப்பூர்வரை கொண்டுபோய், அங்கே ஒரு சயாம் கடுவனோடு சேர்த்துக் கூட்டிவந்தாள். “வாசல் தாண்ட விட்டே, வேலை போயிடும்” என்று வேலைக்காரி அங்கம்மாவை அன்றைக்கே எச்சரித்தார் துரை.

அடுத்த நாளே அங்கம்மா துணி காயப்போடப் போனவள் பின்கதவைச் சாத்த மறந்தாள். வேலியோரத்தில், மலாய்க்காரர் குடியிருக்கும் பக்கத்துக் கம்பத்துக் கறுப்புக் கடுவனோடு நின்ற ரூபியை ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது புருஷனிடம் மட்டும் சொன்னாள். வீரமுத்து அதே பங்களாவில் தோட்டக்காரன்.

“கறுப்புக் கடுவனுக்கு எப்படி வெள்ளைக்குட்டி பொறக்கும் புள்ள?” என்றான் அவன்.

“அதெல்லாம் எனக்கென்னங்க தெரியும்? தாய் சாயல் துளிகூட இல்லியே! தொர நம்ம ரெண்டு பேரையும் வெரட்டிடுவாரு. பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்க போய் நிக்கிறது?”

குட்டி போட இன்னும் நாளிருக்கிறது என்று சிங்கப்பூர் போயிருந்த துரைசாணி நாளைக்கு வந்துவிடுவாள். “பொறந்ததும் செத்துப்போச்சுன்னு சொல்லிடலாங்க” என்றாள் அங்கம்மா.

வீரமுத்து கூடையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனான். வெறுங்கூடையோடு திரும்பி வந்தவன், அவள் முகத்தைப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய்விட்டான்.

சயாம் பூனை கத்தினால் கைக்குழந்தை அழுகிற மாதிரியே இருக்கும். ரூபி அறை அறையாகக் கத்திக்கொண்டு திரிந்தது. போதாததற்கு அது நாய் மாதிரி ஆள் பின்னாலேயே சுற்றுகிற இனம். அங்கம்மா போன இடமெல்லாம் வந்து, நீலக்கண்ணால் அவளையே பார்த்தது.

“என்னைப் பாக்காத தாயி. நான் பாவி” என்று அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கார் வந்து நின்றது. சொல்ல வேண்டிய பொய்யை அங்கம்மா மனசுக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

துரைசாணி தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள். ரூபியின் ஒட்டிய வயிற்றைப் பார்த்ததும் கைதட்டிச் சிரித்தாள். தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில், “குட்டி போட்டாச்சு! எங்கே, எங்கே?” என்றாள்.

அங்கம்மா பின்கட்டு வாசலோடு நின்றுவிட்டாள்.

அவள் வெளிறிப்போய் நிற்பதைப் பார்த்துத் துரைசாணி அவள் தோளைத் தட்டினாள்.

“வெள்ளையா இருக்குன்னு பயந்துட்டியா? சயாம் குட்டி பொறக்கும்போது எல்லாம் வெள்ளைதான்!”