யாருக்கு இந்த ஏலக்கி?

பெங்களூரு ஹெப்பகோடி மார்க்கெட்டில் நோரா ஏலக்கி வாழைப்பழத்தை அமுக்கிப் பார்த்து, தோல் கறுத்த சீப்பாகப் பொறுக்கினாள். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் வின்சென்ட்டுக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு வாழைப்பழம் ஆகாது. கிட்னிக் கோளாறு, அவன் அப்பாவைக் கொண்டுபோன அதே கோளாறு.

"யாருக்கு?"

"எங்க லேப் ஈங்களுக்குங்க."

"ஈக்கு ஏலக்கியா? யார் காதுல பூ சுத்தறே?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாகவே ஞாயிறானால் கூட வேலை செய்யும் சித்தார்த் போன் செய்வான். சர்ச்சில் பூசை முடிவதற்குள் இவள் பழத்தோடு லேபுக்கு ஓடிவிடுவாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், 'ஆராய்ச்சிக்கு இன்னொரு ட்யூப் ரத்தம் குடுங்க' என்று கெஞ்சி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான். அந்த அக்கறையெல்லாம் எங்கே போயிற்று? கால் வீங்கிய புருஷன் கசந்துவிட்டான் போலிருக்கிறது.

இன்றும் போன் வந்தது. "நான் வர்ற வரைக்கும் தொடாதே சித்தார்த்" என்று சொல்லி ஆட்டோ ஏறினாள். வின்சென்ட் அடுத்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினான்.

லேப் கதவைத் தள்ளியவன் அப்படியே நின்றுவிட்டான். சித்தார்த் எங்கோ ஒரு மூலையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தான். நோரா புது பாட்டிலில் பழத்தை மசித்துப் போட்டு, பழைய பாட்டிலைத் தட்டித் தட்டி ஈக்களைப் புதியதற்குள் மாற்றிக்கொண்டிருந்தாள்.

நிஜமாகவே ஈ! வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் பொறாமை விடவில்லை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஈ பாட்டில்.

"மத்ததுக்கெல்லாம் என்ன சாப்பாடு?"

"மக்காச்சோளக் கூழுங்க."

"இதுக்கு மட்டும் ஏலக்கி, ஞாயித்துக்கிழமை, ஆட்டோ. அப்படி என்ன உசத்தி?"

நோரா பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஈக்கும் நம்ம கிட்னி மாதிரி ரத்தத்தை வடிகட்டற செல் இருக்குங்க. உங்க ரத்தத்துல எந்த ஜீன் கெட்டிருக்குன்னு பாத்து, அதே கெட்ட ஜீனை இந்த பாட்டில் ஈங்க உடம்புல வெச்சிருக்கோம். எந்த மருந்து கேக்குதுன்னு பாக்கணும். உங்களுக்குத்தான் பழம் தர முடியல..."

பேச்சை முடிக்காமல் பாட்டிலை அவன் கையில் கொடுத்தாள்.

"மத்ததெல்லாம் ஈ. இது நீங்க."