விடைபெறும் உரை

தம் போட்ட பிரியாணி அண்டாவின் மூடிமேல் ரெஜினா தணலை அள்ளிப் போட்டாள். கல்கத்தா வழக்கப்படி ஆளுக்கொரு உருளைக்கிழங்கும் உள்ளே வெந்துகொண்டிருந்தது.

ஆலயத்து ஒலிபெருக்கியில் போதகர் வாசித்துக்கொண்டிருந்தார்: "'சமபீடம்' பத்திரிகை ஆசிரியரின் விடைபெறும் உரை. கர்த்தருக்கு முன்னால் ஆணும் பெண்ணும் சமம் என்றுதான் இருபது வருஷமாக எழுதினேன்..."

"எவ்வளவு நல்லா எழுதியிருக்காரு!" பச்சடிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஹெப்சிபா கண்ணைத் துடைத்தாள். கணவனின் ரயில்வே மாற்றலில் போன மாதம்தான் கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சிக்கு வந்தவள். "அவரே வாசிக்கலாமே அக்கா? உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் ரெஜினா. "போதகர் ஒரு வரியை விட்டுட்டார்."

"எந்த வரி?"

"பெண்களையும் பிரசங்க பீடத்தில் ஏற்றுங்கள்னு ஒரு வரி."

கைதட்டல் கேட்டது. "ஆசிரியருக்கான பொன்னாடையை அவர் கணவர் பெற்றுக்கொள்வார்."

ஹெப்சிபாவின் கத்தி நின்றது.

மைக்கில் ரெஜினாவின் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "எல்லாருக்கும் நன்றி. ரெஜினா, பந்தி போடலாமா?"

சபையே சிரித்தது.

ரெஜினா மூடியை லேசாக நகர்த்திப் பார்த்தாள். "இன்னும் பத்து நிமிஷம் ஆகும்னு உன் வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொல்லு. அங்கே நாம வாயைத் திறக்கக் கூடாது."